சாமிக்கு வரி இல்லை, எனக்கு உண்டு

எனக்குப் பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கு? பினாங்குல, ஆயர் ஈத்தாம் பசார், அதான் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல பதினோரு வருஷமா சைவச் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். எதிர்த்தாப்புல இருக்கிற கோயில் மண்டபத்துல போன வருஷம் கேண்டீன் திறந்தாங்க. அன்னைக்கிலேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல்.

அன்னதானம்னா நான் வாயைத் திறப்பேனா? அங்க காசுக்கு விக்கிறாங்க. ஒரு தட்டு ஆறு வெள்ளி, அதான் ஆறு ரிங்கிட். என்னால எட்டு வெள்ளிக்குக் குறைச்சுப் போட முடியாது. கடை வாடகை, லைசென்ஸ், வருமான வரி எல்லாம் என் தலையில. அவங்களுக்கு சாமி பேரைச் சொல்லி வரியே கிடையாதாம். பூஜைக்கு வரி வேணாம், சரி. சாம்பாருக்குமா?

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். தட்டு கழுவறது புண்ணியம்னு அங்க ஆளுங்க போட்டி போடறாங்க! என் கடையில சம்பளம் கொடுத்தாலும் ஒருத்தரும் நிக்கல. சமைச்ச கையோட நானே கழுவறேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனவர். உதவிக்குக் கூப்பிட்டா, "முதுகு வலிக்குதுலா"ன்னு பேப்பரை விரிப்பார். நான் புலம்பினா, "உன் பொறாமைக்கு வரி போட்டா பினாங்கு மலைக்கு இன்னொரு ரயில் விடலாம்"னு கிண்டல் வேற. அப்புறம் குளிச்சு, வேட்டி கட்டிக்கிட்டு கோயிலுக்குக் கிளம்பிடுவார். தினமும் பக்தி!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மொத்தமே நாலு பேர். இப்படியே போனா தீபாவளிக்குள்ள கடையை மூட வேண்டியதுதான். வந்த கோவத்துல ஷட்டரை இறக்கிட்டு, கோயில் தலைவர்கிட்ட நேராவே கேட்டுடலாம்னு ரோட்டைத் தாண்டினேன். "நீங்களும் என்னை மாதிரி வரி கட்டுங்க, அப்புறம் யார் சாம்பார் போணியாகுதுன்னு பார்க்கலாம்"னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்.

தலைவர் மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கார்னாங்க. இருந்தார். அவருக்குப் பக்கத்துல, குழாயடியில, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, முதுகை நல்லா வளைச்சு அண்டா தேய்ச்சுக்கிட்டிருந்தது என் வீட்டுக்காரர்.

தலைவர் சிரிச்சார். "அண்ணன் மாதிரி ஆள் கிடைக்கணுமேக்கா! ஒரு நாள் தவற மாட்டார். என்னக்கா விஷயம்?"

 அண்டா தேய்ச்ச மனுஷன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல தலைவரே. நீங்க வரியெல்லாம் கட்ட வேணாம். இந்தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க."