இன்னொருதரத்தின் நோட்டு

பஸ் டிப்போவில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வாய்க்கு வாய் அவர் 'இன்னொருதரம்'. கிளம்பப் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் சக்கரத்தையும் பார்த்து, நட்டைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, கையெழுத்துப் போடுவது அவர் வேலை. போட்டுவிட்டுப் பேனாவை மூடுவதற்குள் வாய் முணுமுணுக்கும்: "எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடுறேன்." டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மனுஷன் கண்டுகொள்ளவே மாட்டார்.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். அடுப்பை அணைச்சியா, பூட்டை இழுத்துப் பாத்தியா என்று மனைவியின் உயிரை எடுப்பார். அவள் தையல் கம்பெனிக்கு தினமும் முப்பத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸில் போகிறவள். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஜன்னல் சீட்டு அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. "ஒருநாள் உங்க தலையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போங்க. அது பத்திரமா இருக்கான்னு நான் பாத்துக்கறேன்," என்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. நெஞ்சு படபடப்பு, சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. ஆனால் இந்தப் பயத்தை விடவும் மனசில்லை. நான் பயப்படுகிறதால்தானே இத்தனை ஜனம் வீடு போய்ச் சேருகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு!

ஒருநாள் கை நடுங்கிக் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. மேனேஜர் பார்த்துவிட்டு முதலுதவி அறைக்குத் துரத்தினார். அங்கே நர்ஸம்மா நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார்.

"மூணு மணிக்கு மேல காபி வேணாம். சாப்பிட்டதும் டிப்போவை ரெண்டு சுத்து நடங்க. மனசு அடிச்சுக்கும்போது மூச்சை மெதுவா வெளிய விடுங்க, இழுத்ததைவிட நீளமா," என்றார். மேசை டிராயரைத் திறந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டினார். "பாத்ததையே திரும்பப் பாக்கணும்னு தோணிச்சுன்னா போய்ப் பாருங்க. நான் தடுக்கல. ஆனா எதைப் பாத்தீங்களோ, அதுக்கு நேரா ஒரு கோடு போட்டுடுங்க."

"மாத்திரை?"

"இல்ல."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

இன்னொருதரத்துக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, வெறும் நோட்டு. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. இந்த நோட்டு மேனேஜர் மேசைக்குப் போகும், 'ஆளுக்கு மறை கழன்றுவிட்டது' என்று சீட்டைக் கிழிப்பார்கள். அதனால் நோட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டே திரிந்தார். ஆனாலும் கோடு போடாமல் விடவில்லை. சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டால் அதற்கும் ஒரு படபடப்பு வந்துவிடுமே, பாவம்!

இவருக்கு அந்த நேரத்தில் இன்னொரு தலைவலியும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு டிப்போவிலிருந்து சக்கரம் மாட்டுகிற பிட்டர் ஒருத்தன் மாற்றலாகி வந்திருந்தான். நாற்பது வயசு ஆள். வேலை செய்யும்போதெல்லாம் சீட்டியடிப்பான். நட்டை மாட்டுவான், அளவு வைத்த ஸ்பானரால் இறுக்குவான், இறுக்கம் போதும் என்று அது 'டக்' சத்தம் கொடுத்ததும் கையை எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐம்பது உயிர் ஏறுகிற வண்டியில் வேலை பார்க்கிறவனுக்குச் சீட்டி எப்படி வரும்? கவலையில்லாத மனுஷனை நம்பலாமா?

இன்னொருதரம் நம்பவில்லை. அவன் வந்த வாரமே பெரிய வீல் ஸ்பானர் ஒன்றையும், பலம் கூட்ட அதன் பிடியில் சொருக ஒரு முழ இரும்புப் பைப்பையும் தன் அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மனசு எந்த பஸ்ஸைச் சொல்கிறதோ அதனிடம் போவார். பைப்பைச் சொருகி ஒவ்வொரு நட்டுக்கும் அரைச் சுற்று கூடுதலாகக் கொடுப்பார். அப்புறம்தான் நெஞ்சு அடங்கும். நோட்டு வந்தபிறகு ஒவ்வொரு தடவையும் அந்த பஸ் நம்பருக்கு நேரே ஒரு கோடும் விழும். நர்ஸம்மா சொன்ன நடை இதற்கு நல்ல சாக்காகப் போயிற்று. நடந்த மாதிரியும் ஆச்சு, பிட்டரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

ஆனால் பாருங்கள், காபியைக் குறைத்ததில் தூக்கம் வந்தது. நடந்ததில் பசியும் வந்தது. "என்னங்க, ரெண்டாந்தரம் சோறு கேக்கறீங்க!" என்று மனைவி வாயைப் பிளந்தாள். இவருக்கு அதிலும் சந்தேகம். இவ்வளவு நல்லா இருக்கே, என்ன கேடு வரப்போகுதோ?

வந்தது. பதினாலாம் நம்பர் பஸ்ஸில் சக்கர போல்ட் ஒன்று முறிந்தது. அடுத்த வாரம் இருபத்திரண்டில் இரண்டு. அதற்கப்புறம், மனைவி ஏறுகிற முப்பத்தொண்ணில் ஒரே சக்கரத்தில் மூன்று முறிந்து, டிரைவர் சத்தம் கேட்டு வழியிலேயே நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. அன்று இன்னொருதரம் நேரே மேனேஜர் அறைக்குள் போய்விட்டார்.

"சார், இது அந்த பிட்டர் வேலைதான். அவன் வர்றதுக்கு முன்னாடி ஒரு போல்ட் முறிஞ்சிருக்கா? நீங்களே சொல்லுங்க!"

மேனேஜர் யோசித்தார். முறிந்ததில்லைதான். பிட்டரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமையோடு கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொன்னார். முறிந்த போல்ட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். "கழுத்து எப்படி இழுபட்டு மெலிஞ்சிருக்கு பாரு. இது லூசா விட்டதால முறியல. பைப் போட்டு அளவுக்கு மேல இறுக்கியிருக்க."

"சார், நான் பைப்பைத் தொட்டதே இல்ல சார்," என்றான் பிட்டர். "'டக்'குன்னதும் விட்டுடுவேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார், இதுல போய் விளையாடுவேனா?"

பைப் என்ற சொல் காதில் விழுந்ததும் இன்னொருதரம் மெதுவாக வெளியே நழுவினார். சே, நான் கொடுத்தது வெறும் அரைச் சுற்று, அதுவும் நல்லதுக்குத்தானே! டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்குப் போட வேண்டிய கோட்டைப் போட நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

ஐந்தாம் நம்பருக்கு நேரே ஒரு கோடு. பத்தொன்பதுக்கு இரண்டு. பதினாலுக்கு ஒன்பது. இருபத்திரண்டுக்குப் பதினொன்று. முப்பத்தொண்ணுக்குக் கோடு போட்டுப் போட்டு இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

பதினாலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். இருபத்திரண்டு பாலத்தின் மேல் போகிற வண்டி. முப்பத்தொண்ணு அவள் போகிறது. எந்தெந்த வண்டிக்காக ரொம்பப் பயந்தாரோ, அந்தந்த வண்டியைத் தன் கையாலேயே முறித்திருக்கிறார். ஐயோ, அந்த ஜன்னல் சீட்டு!

நோட்டைக் கிழித்துப் போட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கிழிக்கவும் விரல் வைத்தார். ஷெட்டின் மறுகோடியில் பிட்டர் தன் சாமான்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். சீட்டிச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை மூன்று மாதமாகத் திட்டியவருக்கு அது இல்லாததைத் தாங்க முடியவில்லை. எழுந்து டிப்போவை ஒரு சுற்று நடந்தார். ஸ்பானர் எடுத்துக்கொள்ளாமல் நடந்தது அன்றைக்குத்தான். மூச்சை நீளமாக வெளியே விட்டார். அலமாரியைத் திறந்து பைப்பை எடுத்தார். மேனேஜர் மேசையில் பைப்பையும் நோட்டையும் வைத்தார்.

"என்னய்யா இது?"

"ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன் சார். நான்தான்."

பிட்டருக்கு வேலை தங்கியது. இன்னொருதரத்துக்கு ஒரு மாசம் சஸ்பெண்ட். 'இனி ஸ்பானரைத் தொட மாட்டேன், சுத்தியலோடு சரி' என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். அவர் பயந்தபடியே நோட்டு மேனேஜர் மேசைக்குப் போனது, ஆனால் கொண்டுபோய் வைத்தது அவரேதான். நர்ஸம்மா அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து சாமான்களைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டிருந்த பிட்டரிடம் போய் நின்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நட்டை இத்தனை தடவ தட்டித் தட்டிக் கேட்டீங்களே அண்ணே. என்னை ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

இவர் குனிந்து, பெட்டியை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்திக் கொடுத்தார்.

ஒரு மாசம் கழித்து வேலைக்குத் திரும்பிய காலையில் முப்பத்தொண்ணு கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நட்டையும் தட்டிக் கேட்டார். பிட்டர் பக்கம் திரும்பினார்.

"இறுக்கிட்டியாப்பா?"

"இறுக்கிட்டேன் அண்ணே."

கையெழுத்துப் போட்டார். வண்டி நகர்ந்தது. பரபரத்த கைகளை இரண்டு பாக்கெட்டுக்குள்ளும் விட்டுக்கொண்டு, அது வாசலைத் தாண்டுகிறவரை இருந்த இடத்திலேயே நின்றார்.