எஸ்தர் சொன்னதும் சொல்லாததும்

பத்திரிகையில் வாரப் பத்தி எழுதுகிறவன் வீட்டில் யாரும் நிம்மதியாக வாய் திறக்க முடியாது. சொன்னது ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்துவிடும். என்னைப் போல எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியும். அவர்கள் மனைவிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கண்ணாடி

என் பத்தியில் வரும் எஸ்தர் என் மனைவிதான். அவள் பேசுவதைக் கொஞ்சம் மெருகேற்றி எழுதுவேன். ஒருமுறை மூக்குக்கண்ணாடியோடு சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். அதை எழுதி, எஸ்தர் பொறுமையாக ஏதோ தத்துவம் சொன்னதாக முடித்திருந்தேன். பூரிக்கு மாவு பிசைந்தபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நான் இப்படிச் சொல்லல. 'அந்த மெஷினுக்காச்சும் இனிமே கண்ணு நல்லா தெரியும்'னுதான் சொன்னேன். அத ஏன் விட்டீங்க?"

ரசிகை

அண்ணனூரில் ரயிலேறியபோது ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எஸ்தரம்மா ஊட்டுக்காரர்தானே நீங்க? அவங்க வர்லியா? சரி, பரவால்ல, போங்க."

டீக்கடை

போன மழைக்காலத்தில் எஸ்தருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சு திரும்பவில்லை. பத்தியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் இனிப் பேசமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் பேச்சை நானே இட்டுக்கட்டி எழுதினேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். வீட்டு நிலவரம் அறியாத டீக்கடை மணி, கிளாஸை நீட்டியபடி கேட்டார்:

"இன்னா அண்ணாத்தே, அண்ணி இப்பல்லாம் உன்ன மாறியே பேசறாங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஞாயிறு

அதற்கப்புறமும் எழுதினேன்; வாராவாரம் அவளுக்கு வாசித்தும் காட்டினேன். சுவரைப் பார்த்தபடி கேட்பாள். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் 'தண்ணி' என்று சொல்லவைக்க மாதக்கணக்கில் பாடுபட்டாள். எஸ்தர் மசியவில்லை.

போன மாதம் எழுத ஒன்றும் அகப்படவில்லை. 'உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்' என்று எஸ்தர் என்னிடம் உருகுவதாக முடித்துவிட்டேன். வாசித்து நிமிர்ந்தால், அவள் கை பேப்பரைப் பிடித்து இழுக்கிறது. உதடு கோணி, நின்று, மறுபடி முயன்றது.

"நா... இப்டி... சொல்லல."

இத்தனை வருடங்களில் என் பத்திக்கு வந்த மறுப்புகளில், ஒரு எழுத்துகூட வெட்டாமல் சந்தோஷமாக அச்சுக்குக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.