நுரை நிற்காத குழாய்

எங்கள் கருத்தரிப்பு மையத்தின் லேபில் எனக்கு மூத்தவளான அக்காவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. இன்குபேட்டர் கதவை மூடிவிட்டு நாலடி நடப்பாள். திரும்பி வந்து அதையே அழுத்திப் பார்ப்பாள். வீட்டிலும் இதே கூத்துதான். பூட்டை இழுத்துப் பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போகிறதென்று அவள் கணவர் அலுத்துக்கொள்வார். பதினாறு வருஷமாகப் பிறத்தியார் கருவுக்குக் காவல் இருக்கிறவளுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

கரு வளர்கிற திரவத்தில் நாங்கள் புரதம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கரு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது பிய்ந்தால் போச்சு. கலப்பது அவள் வேலை; கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு நாள் மாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் பார்க்காமலே கிறுக்கினேன். இன்னொரு தடவை சரிபார்க்கலாம் என்றவளையும் "போதும்க்கா, வா" என்று கிளப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று நாள் வயதான ஒரு கருவை அந்தத் திரவத்துக்கு மாற்றினாள். அந்தத் தம்பதிக்கு இருந்ததே அது ஒன்றுதான். அரை மணிகூட ஆகவில்லை, இருப்புக் கொள்ளாமல் மிச்சத் திரவம் இருந்த குழாயை எடுத்துக் குலுக்கினாள். புரதம் இருந்தால் நுரை நிற்கும். நிற்கவில்லை.

"நேத்து நான் கலந்தத நீ பாத்தியாடி?"

"பாக்கலக்கா."

நல்லவேளை, புரதம் கலந்த வேறொரு தட்டு தயாராக இருந்தது. மெல்லிய குழலால் கருவை உறிஞ்சப் பார்த்தாள், அசையவில்லை. திரவத்தை மெதுவாகப் பீய்ச்சிப் பார்த்தாள். மூன்றாவது தடவைதான் அடியை விட்டு விலகியது. எட்டு செல்லில் ஒன்று உடைந்திருந்தது.

"மிச்சம் ஏழு இருக்குல்ல? யாருக்குத் தெரியப்போகுது, விடுக்கா."

அவள் என்னை முறைத்தாள். நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பிறகு அவரோடு என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கருவுக்குரிய பெண் காத்திருந்த அறைக்குப் போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். கையெழுத்து விஷயத்தை மட்டும் நானே சொல்லட்டுமென்று நிறுத்திக்கொண்டாள். சொன்னேன், வேறு வழி?

அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"உயிரோட இருக்குல்ல?"

"இருக்கும்மா. நாளைக்கு எப்படி வளருதுன்னு பாத்துதான் மேல சொல்ல முடியும்," என்றாள் அக்கா.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

அந்தப் பெண் எழுந்து வந்து, பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறைக்காம சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க," என்றாள்.

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.