சித்தியின் பின்சீட்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லி பட்டேல் நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், பேங்க் வேலை. தமிழைப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இந்தியில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசினால் அவனே சிரித்து விலையைக் குறைப்பான். திருநெல்வேலியிலிருந்து வந்து ஏழெட்டு வருஷமாகியும் நான் அவனிடம் விரலைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான்காம் வருஷம் அவள் மொபெட் வாங்கியதுதான் பொறுக்கவில்லை.

என் மகள் புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தாள். காலையில் அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, கொண்டுபோய் விட்டுவருவேன். பேங்குக்குப் போகிற வழிதானே என்று ஒரு நாள் ஓரகத்தி அழைத்துப் போனாள். மறுநாள் மகள் என் கையை உதறினாள்.

"நான் சித்தி கூடத்தான் போவேன். சித்தி ஜல்தி போவாங்க. உன் பஸ் கந்தா!"

பஸ் அழுக்காம். அன்றிலிருந்து தினமும் பால்கனியில் நின்று பார்ப்பேன். அவள் இடுப்பை என் மகள் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை முதுகில் சாய்த்துக்கொண்டு போவாள். எனக்கு வயிறு எரியும். சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பதுகூட மறந்துவிடும்.

வீட்டுக்காரர் சார்ட்டர்டு பஸ்ஸில் ஆபீஸ் போவார். அவருடைய பழைய ஸ்கூட்டர் கீழே தூசி படிந்து நின்றது. ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

"ஒனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? கீழ விழுந்து காலை ஒடிச்சுக்கிடாத" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். முழங்கையில் ரத்தத்தோடு வீடு வந்தேன்.

ஓரகத்தி மருந்து தடவிவிட்டாள். "அக்கா, என் மொபெட்ல கத்துக்கோங்க. கியரே கிடையாது, ஏக்தம் ஈஸி. நான் சொல்லித்தரேன்."

"வேண்டாம்" என்றேன். அவளிடம் கற்றுக்கொண்டு அவளை ஜெயிப்பதா?

ஆனால் அவளைக் கவனிப்பதை நிறுத்தவில்லை. தெரு முனையில் திரும்பும்போது அவள் வண்டியோடு சேர்ந்து லேசாகச் சாய்ந்தாள். நானோ பயத்தில் விறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன். மாடு குறுக்கே வந்தால் அவள் கண் மாட்டின் மேல் இல்லை, அதைத் தாண்டி இருந்த சந்தின் மேல் இருந்தது. பிரியத்தோடு பார்த்திருந்தால் இவ்வளவு கூர்மையாகப் பார்த்திருப்பேனா தெரியாது. பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் செய்துபார்ப்பேன். விழுவது குறைந்தது.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடச் சொன்னார்கள். பாதி எட்டில் கால் தரையைத் தொட்டுவிட்டது. "பாவ் நீச்சே, மேடம். ஃபெயில்" என்றார் அதிகாரி. இரண்டாம் தடவை வண்டியே நின்றுபோனது. வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே மகளும் சித்தியும் ஏதோ இந்திப் பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அழுகை நின்றுவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தனியாகவே மைதானத்துக்குப் போனேன். குளிர் தொடங்கும்வரை தினமும் போனேன். மண்ணில் எட்டுப் போட்டுப் போட்டு, என் டயர்த்தடம் அங்கே அழியாமல் கிடந்தது.

மூன்றாம் தடவை கால் கீழே வரவில்லை.

அன்று சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "திங்கக்கிழமையிலருந்து பிள்ளைய நானே கொண்டுபோய் விட்டுருவேன்."

"அரே வா, அக்கா!" என்று கைதட்டினாள் ஓரகத்தி. அப்புறம் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மற்றவர்கள் எழுந்துபோன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சனிக்கிழமை மட்டும் நான் கூட்டிட்டுப் போகட்டுமா? ஸ்கூல் வாசல்ல எல்லாரும் என்னைத்தான் அவ அம்மான்னு நினைச்சிட்டிருக்காங்க. நானும் இல்லைன்னு சொல்லலை."

அவளுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் முடிந்திருந்தது. டாக்டர்களிடம் போய்வருவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நான் அவளைப் பார்த்த அதே வயிற்றெரிச்சலோடு அவளும் இத்தனை நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். "சித்தி இதைவிட ஜல்தி போவாங்க" என்று தினமும் ஒரு தடவை சொன்னாள். சனிக்கிழமை காலை அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, சித்தியிடம் போ என்று நானே அனுப்பினேன். வயிறு அன்றும் எரியத்தான் செய்தது.