கட்டோடு நின்ற ஆடு

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பெயிண்ட் அடித்த வாரத்தில்தான், ஆப்பிரிக்காவில் நடக்கும் ஒரு போர்ப்படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். இரண்டு இடங்களில் அழுதேன். அழுத அழுகை வீணாகக் கூடாது என்று உடனே ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதிப் போட்டேன். ‘யுத்தத்தின் வாசனை’ என்று தலைப்பு வேறு. சுரங்க அலுவலகத்தில் ஜெனரல் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுப் போகிறவனுக்கு அந்த வாசனை எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. லைக்குகள் வந்தபடி இருந்தன. மனைவி மட்டும் படித்துவிட்டு, “இவ்ளோ பெரிசா இருக்கு” என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெயிண்டர் ஹாலில் ஏணிமேல் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஊர் குள்ளஞ்சாவடி என்று முதல்நாளே சொல்லியிருந்தார். இறங்கி ஓட முடியாத ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் ஏணியடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழுக்கதையும் சொன்னேன். ஊருக்குள் சிப்பாய்கள் வருவது, ஒரு குடும்பம் அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுவது, எல்லாம்.

“நமக்கெல்லாம் போர்னா என்னன்னே தெரியாதுங்க” என்று பெருமூச்சோடு முடித்தேன்.

அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. “அவங்க வூட்ல ஆடு மாடு இருந்திச்சா சார்?”

“வாசல்ல ஒரு ஆடு கட்டியிருந்தாங்க.”

“ஓடறப்ப அவுத்து வுட்டாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. ஒளிப்பதிவைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தேன்; ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அது வந்து, டைரக்டர் அதை ஒரு குறியீடா…” என்று இழுத்தேன்.

“அவுக்கலைங்க” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. படம் ஓடியபோது துணி மடித்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். “அது பாட்டுக்குக் கட்டுலயே நின்னுச்சு. எனக்கு அதுக்கப்புறம் படமே ஓடல.”

பெயிண்டர் இறங்கி வந்தார். குள்ளஞ்சாவடியில் அவர் இருப்பது அகதி முகாமில் என்றும், பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர் என்றும் அப்போதுதான் சொன்னார். அதுவரை எங்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு மாறியது.

“எங்கட மாட்டை அப்பா அவிட்டுத்தான் விட்டவர். ஆனா அது போகேல்லை. கடற்கரை வரைக்கும் பின்னாலயே வந்திட்டுது. நான்தான் கல்லெறிஞ்சு கலைச்சனான்.”

எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் என் வாய், “காபி சாப்பிடறீங்களா?” என்றது. மனைவி டம்ளரோடே வந்து நின்றாள்.

“அப்புறம் அந்த மாடு?” என்று கேட்டாள்.

“தெரியாது அக்கா. படகில ஏறினதும் அம்மா என்ர தலையை மடியில அமத்திப் பிடிச்சிட்டா, பாக்க விடேல்லை.”

அவர் காபியைக் குடித்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். நான் நாற்காலியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய், எழுதியதை அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். சேத்தியாத்தோப்பு நண்பர் ஒருவர், ‘போர்க்களத்திலேயே நின்றதுபோல் இருந்தது தோழர்’ என்று எழுதியிருந்தார்.

‘நன்றி தோழர்’ என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்து, புதிதாக லைக் விழுவது நின்ற பிறகுதான் அந்தப் பதிவை அழித்தேன்.