என் வீட்டுக்காரரின் பதினொன்று

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். ஊரில் அவருக்கு இருக்கிற சொத்து, கீரமங்கலம் பக்கத்தில் கட்டிய மாடி வீடு, அதன் ஹாலில் உள்ள, பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள நான். வரிசையில் நான் கடைசி என்பது என் கற்பனை இல்லை. ஹாலில் ஏ.சி. போட்டதே தொட்டித் தண்ணீர் சூடாகக் கூடாது என்றுதான். அடுப்படிக்கு ஒரு மின்விசிறி கேட்டேன், அடுத்த லீவில் பார்க்கலாம் என்றார்.

வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலில் யானைத்தலை வைத்த கேட் போடுவார்கள். இவருக்கு அது போதவில்லை, ஹாலுக்குள் கடல் வேண்டும். "சித்தன்னவாசல் குகை ஓவியத்துல மீனு கூரையில இருக்கு, நம்ம வீட்டுல ஹால்ல இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். கையில் தைலப் புட்டி வாங்கிய மரியாதைக்கு அவர்களும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பார்கள்.

தொட்டியை நிறுத்திய கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். மிச்சம் எல்லாம் என் தலையில். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், அதை வடிகட்டி எடுத்துத்தான் உப்பு கலக்க வேண்டும். வெயிலில் தொட்டி நீர் வற்றினால் உப்பு வற்றுவதில்லை, ஆகவே வற்றிய இடத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். தண்ணீரில் உள்ள காரச் சத்தை எடுத்துத்தான் தனக்கு எலும்பு கட்டிக்கொள்கிறது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, சின்னக் குப்பியில் தொட்டி நீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆனதோ அதுதான் எண். பவளம் தின்ற அளவுக்கு, டப்பாவில் வரும் காரச் சத்து மாவைக் கரைத்து மெதுவாகத் திருப்பி ஊற்றிவிடுவேன். தினமும் செய்ய வேண்டும், கொஞ்சமாகச் செய்ய வேண்டும். இரண்டுமே என் வீட்டுக்காரருக்கு ஆகாது.

சென்னையில் வாங்கி வந்தபோது அந்தப் பச்சைப் பவளம் கட்டை விரல் அளவுதான் இருந்தது. என் பராமரிப்பில் கிளை கிளையாகப் பிரிந்து இரண்டு கை விரித்த அகலத்துக்கு வந்துவிட்டது. அந்த வீட்டின் தரைக் கல், ஜன்னல் கிராதி, சுவர்ச் சாயம் எல்லாமே அவர் போனில் தேர்ந்தெடுத்தவை. என் கையில் வளர்ந்தது அது ஒன்றுதான். அதன் மேல் எனக்கு உயிர். தினமும் காலையில் காபி குடிக்கும் முன்பே அதன் முகத்தில்தான் விழிப்பேன்.

சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற பேச்செல்லாம் கிடையாது.

"தண்ணி எவ்வளவு?"

"ஏழுங்க."

"இன்னும் ஏழுதானா? பவளம் வளக்குற எங்க வாட்ஸப் குரூப்புல ஒருத்தன் பதினொண்ணு வச்சிருக்கான்."

"ஏழுல நல்லாத்தாங்க இருக்கு. எண்ணு பெருசா சிறுசாங்கறது இல்லைங்க, அது ஆடாம நிக்கணும்."

"ஒனக்கு என்ன தெரியும்? ஏத்து."

சரிங்க என்பேன். ஏற்ற மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்லித் தன் பிள்ளையை அடிக்கிற தகப்பனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

போன வருடம் லீவில் வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலேயே தொட்டியிடம் போனார். சொட்டு விட்டுப் பார்த்தார், ஏழு. அவர் தங்கை, என் நாத்தனார், அண்ணனைப் பார்க்க வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், "இவள நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன். "ஏத்துறதா இருந்தா கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. மாசக் கணக்காகட்டும். ஒரேயடியாக் கொட்டிறாதீங்க."

"எனக்கு லீவே ஒரு மாசந்தான்" என்றார் அந்த மேதாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர்களுக்கு வீட்டில் விருந்து. கறியும் இலையும் வாங்க நான்தான் கீரமங்கலம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பால் காய்ச்சி ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது. பவளத்தைக் காணவே முடியவில்லை. நாத்தனார் பூரித்துப் போய் நிற்கிறாள்.

"அண்ணி, வந்து பாருங்க! அண்ணன் தண்ணிய எப்படி வெள்ள வெளேர்னு ஆக்கிருச்சு!"

டப்பாவில் இருந்த மாவில் பாதிக்கு மேல் காணோம். அவர் குப்பியைத் தூக்கிக் காட்டினார். "பதினொண்ணு! ஒன்னால வருசக் கணக்கா முடியாதத நான் ஒரு காலையில முடிச்சிட்டேன்." சிநேகிதர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு நான்தான் இலை போட்டுச் சோறு பரிமாறினேன்.

இரண்டொரு நாளில் நீர் தெளிந்தது. பவளத்தின் நுனிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

"நுனி வெள்ளையா இருந்தா வளருதுன்னு அர்த்தம், தெரியுமா?" என்று படம் படமாக எடுத்தார்.

வளர்கிற நுனியும் வெளுப்புதான், ஆனால் அதன் மேல் மெல்லிய தோல் இருக்கும். தினமும் பார்த்த எனக்கு அது தெரியும். இங்கே தோல் உரிந்து வெறும் கல் தெரிந்தது.

"இது வளரலீங்க. வெந்து போச்சு."

"நெட்ல போட்டுப் பாரு" என்றார். குரூப்பில் படங்களைப் போட்டு, வந்த பாராட்டை எனக்கே படித்தும் காட்டினார்.

எண்ணை மறுபடி இறக்கினால் பவளத்துக்கு அது இன்னொரு அடி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதைத் தவிர வழியில்லை. அவர் விமானம் ஏறிய வாரத்தில் தோல் நுனியிலிருந்து அடி வரை உரிந்து இறங்கியது. வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வளர்த்தது கண் முன்னால் எலும்பாக நின்றது. தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் நினைப்பு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

பழக்க தோஷம், மறுநாள் காலையிலும் சொட்டு விட்டுப் பார்த்தேன். பதினொன்று. அடுத்த நாளும் அதே பதினொன்று. நான் ஒரு சிட்டிகை மாவு கரைக்கவில்லை. அதைத் தின்ன அங்கே பவளம் உயிரோடு இல்லை, பிறகு எண் எப்படிக் குறையும்?

சாயங்காலம் போன் வந்தது.

"தண்ணி எவ்வளவு?"

"பதினொண்ணுங்க."

"நேத்து?"

"நேத்தும் பதினொண்ணுதான்."

"பாத்தியா! ஆடாம நிக்கணும், ஆடாம நிக்கணும்னு பேசுவியே, நான் கை வச்சதுக்கப்புறம் எப்படி நிக்கிது பாரு!"

"ஆமாங்க. ஆடவே இல்ல."

குரூப்பில் சொல்ல வேண்டும் என்று அவசரமாக வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார், தினமும் பதினொன்று என்கிறேன், தினமும் அவருக்குச் சந்தோஷம். பவளம் எப்படி இருக்கிறது என்று மட்டும் அந்த மனிதர் இதுவரை கேட்கவில்லை.