பம்புசெட் பார்க்கப் போன அப்பா

இன்று காலை அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, நான் பட்டுப்புடவையோடு நிற்கிறேன், என் கணவர் மெக்கானிக்கிடம் விசாரணை நடத்துகிறார். கடைசியில் நான் மட்டும் ஆட்டோவில் கிளம்பிவிட்டேன். புடவையில் ஏறிய டீசல் நெடி வழியெல்லாம் அப்பாவை நினைவுபடுத்தியது.

அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வேலை. எழுபதுகளில், அபூர்வமாகக் கிடைத்த ஒரு விடுமுறையன்று எங்களை விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். தி.நகரில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு பூந்தொட்டி வைக்கவும் இடம் கிடையாது. அப்பாவோ, புகை கக்கிக்கொண்டிருந்த பம்புசெட் முன்னால் நின்றுவிட்டார்.

"எத்தனை அடி ஆழத்துத் தண்ணிய இழுக்கும்?"

"என்னங்க, நமக்குக் கிணறே இல்லையே," என்றாள் அம்மா.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்ன? சும்மா இரு."

வெயில் மண்டையைப் பிளந்தது. தம்பி ராட்டினம் கேட்டுச் சிணுங்கினான். அப்பா அடுத்து உரக்கடைக்குள் நுழைந்ததும் அம்மா எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ராட்டினத்தில் ஏறிவிட்டாள். உச்சிக்குப் போனதும் பயந்து கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையைச் செருகிக்கொண்டு தூரத்துக் கடலைப் பார்த்தாள்.

கீழே அப்பா எங்களைக் காணாமல் அலைந்தார். கரும்புச்சாற்றுக் கடையில் விசாரித்தார். மாட்டுக்கொட்டகைக்குள் ஓடினார். தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. "அம்மா, அப்பா தேடுறாரு. கூப்பிடவா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். அன்று முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"தேடட்டும்," என்றாள். "நாம இன்னொரு தடவை சுத்திட்டு இறங்கலாம்."